வாசலோடு நிறுத்துகிற அண்ணன்

எங்கள் அலுவலகத்தில் என் அண்ணனுக்கு வாசல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. முதலாளியிலிருந்து வேன் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவன் வாசல்தான். கூடப் பிறந்த அண்ணனைப் போய் அவன் இவன் என்கிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அவன் செய்து வைத்த காரியத்துக்கு இந்த மரியாதையே அதிகம்.

எங்களுடையது சுற்றுலா நிறுவனம். நிறுவனம் என்றதும் கண்ணாடிக் கதவெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதற்குப் பின்னால் இன்னோர் அறை, இரண்டு வேன், எப்போது பார்த்தாலும் மக்கர் பண்ணுகிற ஒரு பிரிண்டர். முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பதும் முன்பதிவு போடுவதும் என் வேலை. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தவள் நான். வேலையும் அண்ணன் வாங்கிக் கொடுத்தது, இருப்பதும் அண்ணன் வீடு. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

கடலையும் கோட்டையையும் காட்ட எங்களைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்குச் சோறு போட்டது பூர்வீக வீடு. ஒரு காலத்தில் இந்த ஊரில் பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போனார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்து, "எங்க தாத்தா வீடு எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவது அண்ணனின் வேலை.

அவன் காட்டுகிற விதமே தனி. வேனை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்துவான். எல்லோரையும் இறக்கி வாசலுக்கு நேராக நிற்க வைப்பான். "உள்ளே போக வேண்டாம்மா. இப்ப இருக்கறவங்க எப்படி வச்சிருக்காங்களோ. வாசலோட பார்த்துட்டுப் போயிட்டா மனசுல இருக்கற வீடு அப்படியே இருக்கும்" என்பான். வந்தவர்கள் அங்கேயே நின்று அழுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். வாசல் என்ற பெயர் அப்படி வந்தது.

வீடு கிடைக்காவிட்டாலும் அவன் அசர மாட்டான். நூலகத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வீடு இருக்கிறது. பழைய தூண், பழைய ஓடு, யாருடைய தாத்தா வீடாகவும் இருந்திருக்கலாம். எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் பூர்வீக வீடு. அங்கே குடியிருக்கிற ஓய்வுபெற்ற தபால்காரர் மாடியில் நின்று கையாட்டுவார். எதற்கு என்று அவருக்கே தெரியாது, பாவம். "இப்படிப் புளுகறியேண்ணா" என்று ஒருமுறை கேட்டேன். "அழணும்னு அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்க. அதுக்கு ஒரு இடம் வேணும்ல?" என்றான். அவனிடம் வாய் கொடுத்து மீள்வது யார்.

ஊரில் இருக்கிற வீட்டையெல்லாம் காட்டிப் பிழைத்தவன், ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் எந்த வேனும் நின்றுவிடக் கூடாது என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். அது நாங்கள் குடியிருக்கிற வீடு. அது எங்களுடையது இல்லை.

எங்கள் அப்பா ஒரு மருந்துக்கடையில் பொட்டலம் மடிக்கிறவராக இருந்தார். கடைக்காரர் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பியபோது வீட்டுச் சாவியை அப்பா கையில் கொடுத்து, பார்த்துக்கொள், நிலைமை சரியானதும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நிலைமை சரியாவதற்குள் அப்பாவுக்குக் கல்யாணமாகி, நாங்கள் பிறந்து, அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைக்காரர் வரவில்லை, ஒரு தகவலும் இல்லை. வரி கட்டுகிறோம், ஓடு மாற்றுகிறோம், வெள்ளை அடிக்கிறோம். பத்திரம் யாரிடம் இருக்கிறதோ, எங்களிடம் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணன் சொந்த வீடு என்று சொல்லிவிட்டான். அண்ணி அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள்.

நிலைமை இப்படியிருக்க, போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் முதலாளி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெளிநாட்டில் சுற்றுலா படிக்கிறாளாம். பயிற்சிக்கு எங்காவது போய் வேலை பார்க்க வேண்டுமாம். கூடப் படிக்கிறவர்கள் பெரிய ஓட்டல்களுக்குப் போயிருக்க, இவள் தாத்தா ஊருக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்து எங்களிடம் வந்திருக்கிறாள். அவள் தமிழ் வேடிக்கையாக இருக்கும். கதவு, ஜன்னல், தலையணை, போர்வை எல்லாம் சுத்தமாக வரும். ரசீது, விண்ணப்பம் என்றால் திருதிருவென்று முழிப்பாள். நாங்கள் அவளைப் பயிற்சி என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

அண்ணனை முதலில் அங்கிள் என்றாள். "மாமான்னு கூப்பிடும்மா" என்றான் பெரிய மனுஷன். என்னை அக்கா என்றாள். அவன் மாமா, நான் அக்கா. இது எந்த ஊர் முறையோ, போகட்டும்.

அன்று டீ குடிக்கும்போது முதலாளி சும்மா பேச்சுக் கொடுத்தார். "உங்க தாத்தா இங்க என்ன பண்ணிட்டிருந்தாரும்மா?"

"மருந்துக்கடை. மணிக்கூண்டுக்குக் கீழ."

அண்ணன் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. மணிக்கூண்டுக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு மருந்துக்கடைதான்.

"வீடு எங்கன்னு தெரியுமா?" முதலாளி விடுவதாக இல்லை.

"தாத்தா போயிட்டார். அப்பாவுக்குத் தெருப் பேர் ஞாபகம் இல்ல, அப்ப அவர் சின்னப் பையன். ஆனா வீட்டுக்குள்ள எல்லாம் ஞாபகம் இருக்கு. என்னைத் தூங்க வைக்கும்போது அப்பா கதை சொல்ல மாட்டார், வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவார். கேட்டைத் திற, இடது பக்கம் குழாய், காலைக் கழுவு, இப்ப உள்ளே வான்னு. நான் கண்ணை மூடிட்டே நடப்பேன். பாதி வீடு போறதுக்குள்ள தூங்கிடுவேன்."

"அடடே" என்றார் முதலாளி. "வாசல், நம்ம பொண்ணுக்கு அந்த வீட்டைக் கண்டுபிடிச்சுக் கொடுத்துடுப்பா."

அண்ணன் அந்த வாரமே அவளை மஞ்சள் வீட்டுக்குக் கூட்டிப்போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வேன் எதிர்ப்பக்கம் நின்றது. அவன் தன் வழக்கமான வசனத்தைச் சொன்னான். அவள் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, இல்லாத ஒரு கேட்டைத் தள்ளினாள். இடது பக்கம் திரும்பினாள். கண்ணைத் திறந்தாள்.

"இது இல்ல மாமா. எங்க வீட்ல குழாய் இந்தப் பக்கம்."

மாடியில் தபால்காரர் கையாட்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது அவளை அவள் அறையில் இறக்கிவிட்டோம். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும் அண்ணன், "நம்ம வீட்ல குழாய் எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டான். பிறந்ததிலிருந்து அந்தக் குழாயில் கால் கழுவுகிறவன் கேட்கிற கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வந்து குழாயைப் பிடுங்கி, வலது பக்கம் மதில் ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் தினமும் டீ நேரத்தில் அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு எதிரில் போய் உட்கார்ந்துவிடுவான். "அப்புறம் என்ன இருக்கும்மா உங்க வீட்ல?" என்பான், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு. அவளுக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. வந்த இடத்தில் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று ஒன்றொன்றாகச் சொன்னாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் எங்கள் வீட்டிலிருந்து காணாமல் போக ஆரம்பித்தது.

கேட்டின் கீழ்க் கம்பி ஒன்று வளைந்திருக்கும் என்றாள். அவள் அப்பா பிள்ளையாக இருக்கும்போது தலையை விட்டு மாட்டிக்கொண்டாராம், கம்பியை வளைத்துத்தான் எடுத்தார்களாம், அப்புறம் பூனைக்கு அதுவே வழியாகிவிட்டதாம். எங்களுக்கு அந்தக் கம்பி வளைந்த கதை தெரியாது. பூனைக்காகவே யாரோ செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சனிக்கிழமை கம்பிக் கேட் போய்த் தகரக் கேட் வந்தது. பூனை வெளியே நின்று கத்திக் கத்திப் பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டது.

ஜன்னலில் பச்சைக் கண்ணாடி ஒன்றும் நீலக் கண்ணாடி ஒன்றும் இருக்கும் என்றாள். அவை போயின. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ வருஷமாக வீட்டைக் கொஞ்சம் பாருங்கள், பாருங்கள் என்று அரற்றிக்கொண்டிருந்தவள். "உங்க அண்ணனுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். நான் என்னத்தைச் சொல்வது. எந்த நாள் பயிற்சி எதைச் சொல்லப்போகிறாளோ, எது உடையப்போகிறதோ என்று நினைத்துக்கொண்டேதான் காலையில் அலுவலகத்துக்கே போவேன்.

அப்புறம் தரை. எங்கள் கூடத்தில் சிவப்பு சிமெண்டுத் தரை. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தையின் கால் பதிந்திருக்கும். சிமெண்டு காயுமுன் யாரோ ஒரு பிள்ளை நடந்துவிட்டது. ஒற்றைக் கால், ஐந்து விரலும் பட்டாணி பட்டாணியாகத் தெரியும். அண்ணனும் நானும் அதில் காலை வைத்து வைத்துப் பார்த்துத்தான் வளர்ந்தோம். என் கால் அதைவிடப் பெரிதான அன்றைக்கு நான் அழுதிருக்கிறேன்.

"ஜன்னல் பக்கத்துல தரையில ஒரு குட்டிக் கால் இருக்கும். அது எங்க அப்பா கால்" என்றாள் அவள் டீ நேரத்தில்.

டைல்ஸ் போடுகிறவர் வந்து, பிடிப்பு வேண்டும் என்று தரை முழுக்க உளியால் கொத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"என்னண்ணா பண்றே? அந்தக் காலையாவது விடக் கூடாதா?"

"முதல்ல போக வேண்டியதே அதுதான்."

"அவகிட்ட சொல்லித்தான் பார்ப்போமே. நல்ல பொண்ணாத்தான் தெரியுது."

"பொண்ணு நல்லவ. அப்பன்? அப்பனோட வக்கீல்?" என் பக்கம் திரும்பினான். "வீடு போச்சுன்னா எனக்காவது பொண்டாட்டி வீடுன்னு ஒண்ணு இருக்கு. உனக்குப் போக இடம் இருக்கா?"

அவன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. ஆனால் அவன் கேட்டது பொய் இல்லை.

கடைசியில் மிஞ்சியது உத்தரம். கூடத்திலிருந்து சமையலறைப் பக்கம் போகிற வழியில் ஒரு மர உத்தரம் தாழ்வாக இருக்கும். நெடுநெடுவென்று வளர்ந்த அண்ணன் நெற்றியில் அதன் தயவில் ஒரு தழும்பு உண்டு. அண்ணி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே முட்டிக்கொண்டு, என் தலையெழுத்து என்று அழுதாள். 

"அந்த இடம் வந்தா அப்பா 'குனி'ம்பார்" என்றாள் பயிற்சி. "நான் படுத்துக்கிட்டே தலையைக் குனிவேன். குனியலைன்னா அவருக்கு எப்படியோ தெரிஞ்சுடும். மறுபடி சொல்வார்."

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கொத்தனார் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார், வெளியே போய் மாடியை அண்ணாந்து பார்த்தார், திரும்பி வந்து மறுபடி தட்டினார். "வேண்டாங்க. மாடி ரூம் மொத்தமும் இது மேலதான் உட்கார்ந்திருக்கு."

"உயரமா வேற ஒண்ணு வச்சுடுங்க."

"வைக்கலாம். அந்தப் பழைய சுவர் எத்தனை நாளைக்குப் பிடிச்சு நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. நாளைக்குக் கொத்தனார் சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

அண்ணன் கேட்கவில்லை. உத்தரம் இறங்கியது. நல்ல மரமாயிற்றே என்று எறியவும் அவனுக்கு மனசு வரவில்லை. பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடத்தி, மேலே சாக்கைப் போட்டு மூடினான். சில நாளில் மாடிச் சுவரில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் ஓடியது. அண்ணி அதன் மேல் காலண்டரை மாட்டினாள்.

இனி பயமில்லை என்று அண்ணன் கொஞ்சம் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்த நேரம். அண்ணி ஒருநாள் கடைத்தெருவுக்கு வந்தவள், என்னைப் பார்க்க அலுவலகத்துக்குள் எட்டிப்பார்த்தாள். பயிற்சியைப் பார்த்தாள். வேற்றூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிற பெண், ஓட்டல் சாப்பாடு. அதோடு அண்ணிக்குப் புது டைல்ஸை யாரிடமாவது காட்ட வேண்டும். என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்? "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்துடு கண்ணு" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். வர வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அவன் வாயில் வரவில்லை.

"வரட்டும்" என்றான் என்னிடம். "என்ன இருக்கு இங்க? ஒண்ணும் இல்ல."

வந்தாள். தகரக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள், வலது பக்கக் குழாயில் காலைக் கழுவினாள், கூடத்தில் டைல்ஸ் மேல் நடந்து வந்து உட்கார்ந்தாள். அண்ணி ஜன்னலைக் காட்டினாள், தரையைக் காட்டினாள், புது டியூப் லைட்டைப் போட்டு அணைத்துக் காட்டினாள். "ரொம்ப அழகா இருக்கு அத்தை" என்றாள் அவள். அண்ணன் மூச்சை விட்டான். எனக்கும் அப்போதுதான் உடம்பு கொஞ்சம் இளகியது.

தட்டு வைத்தாயிற்று. அண்ணி சமையலறையிலிருந்து சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். வருகிற வழியில் தலையைக் குனிந்து நிமிர்ந்தாள். நான் தண்ணீர்ச் சொம்போடு அவள் பின்னால் வந்தேன். பெண் நிமிர்ந்து என்னையே பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அண்ணன் உள்ளே போய்த் தனக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த நெட்டை மனிதன் முதுகை வளைத்து, கழுத்தை மடக்கி, ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லாத இடத்தில் குனிந்து வந்து நிமிர்ந்தான்.

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷக்கணக்காகக் குனிந்த கழுத்து. உத்தரத்தை எடுத்தோம், கழுத்தை யார் எடுப்பது. அண்ணி மறுபடி உள்ளே போகிறாள், குனிகிறாள். வருகிறாள், குனிகிறாள். சொல்லவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் நான் தவித்தேன். நான் போகும்போதாவது நிமிர்ந்து போய்விடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். அந்த இடம் வந்ததும் கழுத்து தானாக மடங்கியது. அழுகை வந்தது எனக்கு. அண்ணனுக்கோ இன்னும் ஒன்றும் புரியவில்லை. வாய் நிறையச் சோற்றோடு கோட்டைச் சுற்றுலாவைப் பற்றி அளந்துகொண்டிருந்தான்.

சாப்பிட்டு முடித்து அவள் எழுந்தாள். கை கழுவுகிற இடத்தை யாரிடமும் கேட்கவில்லை. அந்த வழியில் போய் நின்றாள். சுத்தமான இடது கையைத் தூக்கி, தலைக்கு மேலே வெறும் காற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து உள்ளே போனாள். அண்ணன் பேச்சு பாதியில் நின்றது.

பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சாக்கை விலக்குகிற சத்தமும் கேட்டது. அவள் வர வெகுநேரம் ஆனது. வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாடியில யாராவது படுப்பீங்களா அத்தை?" என்றாள்.

"உங்க மாமாதான்" என்றாள் அண்ணி பெருமையாக. "ஞாயித்துக்கிழமை சாப்பிட்டா மேல போய் ஒரு தூக்கம் போட்டாகணும். காத்து நல்லா வரும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். "இனிமே அங்க படுக்க வேண்டாம் மாமா" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் சூடு உடம்புக்கு ஆகாது என்று சொல்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள். அண்ணன் எங்கள் இருவரையும் பார்க்காமல், "கணக்கை ஆரம்பிச்சுட்டா" என்றான் என் காதோரம். "இன்னைக்கு மாடி. நாளைக்குக் கூடம். அப்புறம் தெரு." எனக்கும் அப்படித்தான் பட்டது. மிரட்டாமல் மிரட்டுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்கப்புறம் அலுவலகத்துக்குப் போவது பாம்புப் புற்றுக்குள் கைவிடுகிற மாதிரி இருந்தது. அவள் மாறவே இல்லை. அதே வேலை, அதே வணக்கம். டீ நேரத்தில் வீட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அண்ணன் மேஜைக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "மேல படுக்கலையே மாமா?" என்பாள். அண்ணன் பிரிண்டரைத் தட்டுவான். அப்பனுக்குச் சொல்லிவிட்டாளா, ஆள் வருமா, நோட்டீஸ் வருமா என்று வாசலில் எந்த வண்டி நின்றாலும் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வண்டி எதுவும் எங்களுக்காக வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அண்ணன் பிடிவாதமாக ஞாயிறுதோறும் மாடியில் போய்ப் படுத்தான். முன்பெல்லாம் காற்றுக்காகப் படுப்பான். இப்போது தன் வீடு என்று காட்டுவதற்காகப் படுத்தான். யாருக்குக் காட்டினானோ. "வேண்டாம்ணா, காலண்டருக்கு வெளிய வந்துடுச்சு விரிசல்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "அவ சொல்லி நான் என் வீட்ல இறங்கிப் படுக்கணுமா?" என்று உதறிவிட்டு ஏறினான்.

அந்த வாரம் மழை விடாமல் பெய்தது. ஞாயிறு மதியம்தான் வானம் வெறித்தது. அண்ணியும் நானும் முன்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். இடி மாதிரி எல்லாம் கேட்கவில்லை. நெல் மூட்டையைச் சாய்த்த மாதிரி சரசரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரே தூசி. மாடி அறை சுவரோடு சமையலறை மேல் உட்கார்ந்துவிட்டது. அண்ணி போட்ட கூச்சலில் தெருவே ஓடிவந்தது. அண்ணனைத் தோண்டி எடுத்தார்கள். உயிர் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அண்ணனின் காலை எடுத்திருந்தார்கள். மருந்து மயக்கத்திலும் அவளை அடையாளம் கண்டுகொண்டு, கையை நீட்டினான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எடுத்துக்கோம்மா" என்றான். "உங்க வீட்டை எடுத்துக்கோ. எப்பவோ கொடுத்திருக்கணும். எங்க அப்பா கையில கொடுத்த சாவி அது. நாங்க வெறும் காவல்தான்."

அண்ணி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவள் தன் கையை அவன் தோளிலிருந்து எடுத்ததில் தெரிந்தது.

"எந்த வீடு மாமா?" என்றாள் பெண்.

அண்ணன் விழித்தான்.

"எங்க வீட்டுக் கேட்ல பூனை போற கம்பி இருக்கும். குழாய் இடது பக்கம் இருக்கும். ஜன்னல்ல பச்சையும் நீலமும் இருக்கும். தரையில எங்க அப்பா கால் இருக்கும்." அவள் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வழி கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "உங்க வீட்ல அது ஒண்ணுமே இல்லையே. அது உங்க வீடுதான்."

கொண்டுவந்திருந்த பழப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். தாழ்வாரத்தில் அவள் போனில் பேசியது எனக்குக் கேட்டது. "இல்லப்பா. தேடிட்டேன். எங்கயும் இல்ல" என்றாள். பயிற்சி முடியக் கொஞ்ச நாள் பாக்கி இருந்தது. மறுநாள் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இத்தனை மாதத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போன் இல்லை, ஒரு ஆள் இல்லை. இனி வரவும் வராது என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு தண்டனையை எந்த வக்கீலாலும் கொடுத்திருக்க முடியாது.

அண்ணி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வருவாளா என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறாள். பின்பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டி, கூடத்திலேயே அடுப்பை வைத்துக்கொண்டு நானும் அண்ணனும் இருக்கிறோம். அவன் வேலைக்குப் போவதில்லை. பூர்வீக வீட்டுக்கு வருகிறவர்களை வேன் ஓட்டுகிறவரே கூட்டிப்போகிறார். மஞ்சள் வீட்டுத் தபால்காரர் இப்போதும் கையாட்டுகிறாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அண்ணன் என்னிடம் கடப்பாரை கேட்டான். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒரு டைல்ஸைப் பெயர்த்தான். கீழே ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினான். சிவப்புத் தரை தெரிந்தது. பிடிப்புக்காகக் கொத்திய உளித் தழும்புதான் அம்மைத் தழும்பு மாதிரி நிறைய இருந்தது.

"இங்கதானே இருந்துச்சு?" என்றான்.

"இங்கதான்" என்றேன்.

கையால் தடவிக்கொண்டே இருந்தான். "இல்ல, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" என்று அடுத்ததைப் பெயர்த்தான். இங்கேதான் இருந்தது, கொத்தியாயிற்று, இனிக் கிடைக்காது என்று தினமும் சொல்கிறேன். கேட்பதில்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது உட்காருகிறான். ஜன்னல் ஓரம் முழுக்கப் பெயர்த்துவிட்டு, இப்போது நடுக் கூடத்துக்கு வந்திருக்கிறான்.